நூறு நாள் கண்ணாடியாக இருந்த சிறுநீரகம்: டர்பனிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

2023 ஜூனில் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் மினசோட்டா பல்கலைக்கழகக் குழுவின் ஆய்வறிக்கை ஒன்று வெளியானது. எலிகளின் சிறுநீரகங்களை எடுத்து, மைனஸ் 150 டிகிரி செல்சியஸில் அதிகபட்சம் 100 நாள் வரை வைத்திருந்து, பிறகு சூடேற்றி வேறு எலிகளுக்குப் பொருத்தியிருந்தார்கள். பெற்றுக்கொண்ட எலிகள் ஐந்து. அவற்றின் சொந்தச் சிறுநீரகங்கள் இரண்டும் நீக்கப்பட்டிருந்தன. புதிதாக வைத்தது வேலை செய்யாவிட்டால் சில நாட்களில் சாவு நிச்சயம். ஐந்தும் பிழைத்தன, ஆய்வுக்குக் குறித்திருந்த 30 நாளையும் கடந்தன. ஒரு மாதம் ஆனபோது அவற்றின் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு) அளவு இயல்புக்குத் திரும்பியிருந்தது.

இயந்திரப் பொறியாளர் ஜான் பிஷோஃப், உறுப்பு மாற்று அறுவை மருத்துவர் எரிக் ஃபிங்கர் இருவரும் இந்தக் குழுவை நடத்தினார்கள். ஒரு முழு உறுப்பை இவ்வளவு குளிரில் நீண்ட நாள் வைத்து, மீட்டு, அதை மட்டுமே நம்பி உயிர்கள் தொடர்ந்து வாழ்ந்ததைத் திரும்பத் திரும்பச் செய்துகாட்டிய முதல் வேலை இதுதான். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் டயாலிசிஸ் பிரிவில் வேலை செய்பவள் என்பதால், இந்தச் செய்தி எங்கள் ஊர்த் தமிழ்க் குடும்பங்களிடம் எந்த வடிவத்தில் வந்து சேர்ந்தது என்பதை நேரில் பார்த்தேன். “கிட்னியை ஃப்ரீசரில் வைக்கக் கண்டுபிடித்துவிட்டார்களாம், இனிமேல் காத்திருக்க வேண்டாமாம்” என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது. காத்திருப்பவர்களுக்குப் பொய் நம்பிக்கை கொடுப்பதைப் போலக் கொடுமை வேறில்லை. அதே சமயம், நடந்தது சின்ன விஷயமும் இல்லை. அதனால்தான் இதை முழுதாகப் பிரித்துப் பார்த்து எழுதுகிறேன்.

ஐஸ் என்ன செய்கிறது

இன்று உலகம் முழுவதும் வழக்கத்தில் உள்ள முறை எளிது. கொடையாளரின் உடலிலிருந்து எடுத்த உறுப்பின் ரத்தக்குழாய்களைக் குளிர்ந்த பாதுகாப்புக் கரைசலால் கழுவி, பைகளில் கட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துப் போவார்கள். உறுப்பு சுமார் 4 டிகிரியில் இருக்கும். அந்தக் குளிரில் செல்களின் வேலை பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகிறது. ஆனால் நிற்பதில்லை. மீதமுள்ள அந்த ஒரு பங்குதான் கடிகாரத்தை ஓட்டிக்கொண்டே இருக்கிறது. இதயத்துக்கு 4 முதல் 6 மணி நேரம், நுரையீரலுக்கு 6 முதல் 8, கல்லீரலுக்கு 8 முதல் 12, சிறுநீரகத்துக்கு 24 முதல் 36 என்று மருத்துவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். 1969-இல் வந்த காலின்ஸ் கரைசலும், 1980-களின் கடைசியில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கரைசலும் இந்த மணிகளை நீட்டித் தந்தன. அதற்குப் பிறகு ஐஸ் பெட்டிக்குள் பெரிய மாற்றம் எதுவும் வெகுகாலம் வரவில்லை.

அப்படியானால் இன்னும் குளிரவைத்தால் என்ன? பூஜ்யத்துக்குக் கீழே போனதும் தண்ணீர் படிகமாகிறது. படிகம் முதலில் செல்களுக்கு வெளியே தோன்றும். அது தூய தண்ணீரை மட்டும் இழுத்துக்கொள்வதால் மிச்சமிருக்கும் திரவத்தில் உப்பு ஏறும். செல்களிலிருந்து தண்ணீர் வெளியே இழுபட்டு அவை சுருங்கும். உறையும் தண்ணீர் கொள்ளளவில் ஏறக்குறைய 9 சதவீதம் பெருகுவதால் நுண்ணிய ரத்தக்குழாய்களின் உட்சுவர் கிழியும். விந்தணுவோ கருமுட்டையோ தனிச் செல். அதில் எவ்வளவோ சமாளிக்கலாம். உறுப்பு என்பது குழாய்களின் ஊர். சிறுநீரகத்தில் ஆயிரமாயிரம் நுண்குழாய் முடிச்சுகள் சேதமில்லாமல் இருந்தால்தான் ரத்தம் வடிகட்டப்படும். செல்களில் பெரும்பாலானவை உயிரோடிருந்தும் குழாய்கள் உடைந்துவிட்டால் அந்த உறுப்பால் பயனில்லை.

இதற்கு ஒரு மாற்றுவழி உண்டு: படிகமே உருவாகாமல் திரவத்தைக் கெட்டிப்படுத்துவது. நம் வீட்டுப் பாகில் இதைப் பார்க்கலாம். சர்க்கரைப் பாகை மெதுவாக ஆறவிட்டால் கற்கண்டு. திடுமென ஆறவைத்தால் ஒளி ஊடுருவும் மிட்டாய். இரண்டும் ஒரே பொருள்தான், உள்ளமைப்பு மட்டும் வேறு. இரண்டாவது வகையில் கெட்டிப்படுவதைத்தான் கண்ணாடியாக்கம் என்கிறோம். அந்த நிலையில் மூலக்கூறுகள் இருந்த இடத்திலேயே நின்றுவிடும். வேதிவினை எதுவும் நடக்காது. கடிகாரம் நிஜமாகவே நின்றுபோகும்.

வெறும் தண்ணீரை அப்படிக் கண்ணாடியாக்க வேண்டுமானால் நம்பமுடியாத வேகத்தில் குளிரவைக்க வேண்டும். உறுப்பின் அளவில் அது நடக்காது. அதனால் தண்ணீரின் பெரும்பகுதிக்குப் பதிலாக உறைதடுப்பு வேதிப்பொருளை உறுப்புக்குள் ஏற்றுகிறார்கள். 1949-இல் பிரிட்டனில் கிறிஸ்டோபர் போல்ஜும் அவருடைய சகாக்களும் கிளிசரால் சேர்த்துச் சேவலின் விந்தணுவை உறையவைத்து மீட்டதிலிருந்து இந்தத் துறை தொடங்குகிறது. 1985-இல் வில்லியம் ரால், கிரிகரி ஃபாஹி இருவரும் எலியின் கருவை மைனஸ் 196 டிகிரியில் படிகமில்லாமல் வைத்து உயிரோடு மீட்டார்கள். இன்று எந்தக் கருத்தரிப்பு மையத்திலும் நடக்கும் வேலை அது. கருவிலிருந்து உறுப்புக்கு வருவதற்குத்தான் இத்தனை ஆண்டு ஆனது.

மினசோட்டாவுக்கு முன்னால் ஒரு முயல்

இதே ஃபாஹியின் குழு 2009-இல் வெளியிட்ட ஒரு முடிவைச் சொல்லாமல் மினசோட்டாவைப் புரிந்துகொள்ள முடியாது. ஒரு முயலின் சிறுநீரகத்தைக் கண்ணாடியாக்கி, மைனஸ் 130 டிகிரிக்கும் கீழே கொண்டுபோய், சூடேற்றிப் பொருத்தினார்கள். அந்த ஒற்றைச் சிறுநீரகத்தோடு முயல் 48 நாள் வாழ்ந்தது. பிறகு திசுவை ஆராய்வதற்காக அதன் உயிரை அவர்களே முடித்துக்கொண்டார்கள்.

48 நாள் என்பது பெரிய செய்தி. ஆனால் முயல் ஒன்றுதான். கிரியாட்டினினும் இயல்பைவிட மேலேயே இருந்தது. உறுப்பின் உட்பகுதியில் பனி பிடித்திருந்தது. அங்கே ரத்த ஓட்டம் குறைவு என்பதால் உறைதடுப்பான் போதுமான அளவு போய்ச் சேரவில்லை. வெற்றி ஒருமுறை கிடைத்தது, மறுமுறை கிடைக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை. பதினான்கு ஆண்டு கழித்து வந்த எலி ஆய்வின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது. ஐந்தில் ஐந்து என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் அது ஒரு தற்செயலைத் தாண்டிய எண்ணிக்கை.

குளிரவைப்பது அல்ல, சூடேற்றுவதுதான்

செய்திகளில் ‘உறையவைத்தார்கள்’ என்ற சொல் முன்னால் நிற்கிறது. வேலையின் கடினம் இருப்பது பின்பாதியில்.

முன்பாதி இப்படி நடக்கிறது. எடுத்த சிறுநீரகத்தின் தமனிக்குள் மெல்லிய குழாய் செருகி, குளிர்ந்த கரைசலைப் படிப்படியாகச் செறிவு கூட்டிக்கொண்டே செலுத்துகிறார்கள். கரைசலில் டைமெத்தில் சல்ஃபாக்சைடு, எத்திலீன் கிளைக்கால், படிகம் வளர்வதைத் தடுக்கும் பாலிமர்கள் ஆகியவை இருக்கின்றன. எத்திலீன் கிளைக்கால் என்பது கார் ரேடியேட்டரில் ஊற்றும் உறைதடுப்பு நீரில் இருக்கும் அதே பொருள். சாதாரண வெப்பத்தில் நஞ்சு. எனவே செறிவை மெதுவாக ஏற்ற வேண்டும், குளிரிலேயே ஏற்ற வேண்டும். அதே நேரம் அதிக நேரமும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கொஞ்சம் குறைந்தால் பனி பிடிக்கும், கொஞ்சம் கூடினால் நஞ்சாகும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய பாதையைத் தேடியே இந்தத் துறையின் ஆண்டுகள் கழிந்தன என்று சொன்னால் மிகையில்லை.

கரைசலோடு சேர்த்து இன்னொன்றையும் உள்ளே அனுப்புகிறார்கள்: சிலிக்கா பூசிய இரும்பு ஆக்சைடு நானோ துகள்கள். அவை செல்லுக்குள் நுழைவதில்லை. ரத்தக்குழாய்களுக்குள்ளேயே எங்கும் பரவி நிற்கின்றன. பிறகு நைட்ரஜன் ஆவியில் குளிர்விப்பு. மைனஸ் 120 டிகிரியைத் தாண்டியதும் உறுப்பு கண்ணாடியாகிறது. அதன்பின் வேகமாகக் குளிரவைத்தால் வெளிப்புறமும் உட்புறமும் வெவ்வேறு அளவில் சுருங்கி விரிசல் விழும் என்பதால் அங்கே நிதானம் வேண்டும்.

இப்போது மீட்க வேண்டும். கண்ணாடி நிலையிலிருந்து மேலே வரும்போது, பூஜ்யத்துக்குக் கீழேயுள்ள நீண்ட வெப்பநிலைப் பகுதி முழுவதும் படிகம் பிறக்கக் காத்துக்கொண்டிருக்கிறது. குளிர்விக்கும்போது எவ்வளவு வேகம் தேவையோ, அதைவிடப் பல மடங்கு வேகம் சூடேற்றும்போது தேவை. வெந்நீர்த் தொட்டியில் போட்டால் வெளிப்பக்கம் உருகும்போது நடுப்பகுதி இன்னும் கண்ணாடியாக இருக்கும். அந்த வேறுபாட்டில் விரிசல் விழும்; தாமதமாகச் சூடேறும் நடுப்பகுதியில் பனியும் பிடிக்கும். நுண்ணலையால் சூடேற்றிப் பார்த்த பழைய முயற்சிகளில் சில இடங்கள் வெந்தும் சில இடங்கள் உறைந்தும் போயின.

நானோ துகள்களின் வேலை இங்கேதான். உறுப்பை ஒரு செப்புச் சுருளுக்குள் வைத்து மாறுகாந்தப் புலத்தைச் செலுத்தினால் ஒவ்வொரு துகளும் தானே சூடாகிறது. குழாய் எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் துகள் இருப்பதால் உறுப்பு உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் ஒரே சீராகச் சூடேறுகிறது; ஒன்றிரண்டு நிமிடத்தில் ஆபத்தான பகுதியைக் கடந்துவிடுகிறது. பிஷோஃபின் குழு இந்த முறையை 2017-இலேயே பன்றியின் ரத்தக்குழாய்த் திசுவில் செய்துகாட்டியிருந்தது. முழு உறுப்பில் செய்து, உறைதடுப்பானையும் இரும்பையும் கழுவி வெளியேற்றி, பொருத்தி, உயிரைக் காப்பாற்றியது 2023-இல். ஒரு பொறியாளரும் ஓர் அறுவை மருத்துவரும் சேர்ந்து தலைமை தாங்கியதன் பொருள் இந்த இடத்தில் விளங்கும். இது பாதி வெப்பவியல், பாதி மருத்துவம்.

முடிவை எப்படிப் படிக்க வேண்டும்

பொருத்திய சிறுநீரகங்கள் உடனே முழு வேலைக்கு வந்துவிடவில்லை. முதல் இரண்டு மூன்று வாரம் கிரியாட்டினின் உயர்ந்தே இருந்தது, பிறகுதான் இறங்கியது. டயாலிசிஸ் பிரிவில் உள்ளவர்களுக்கு இது பழக்கமான காட்சி. இறந்த கொடையாளரிடமிருந்து பெற்ற சிறுநீரகம் சில நாள் சோர்ந்திருந்து, அதுவரை நோயாளிக்கு டயாலிசிஸ் கொடுத்து, பிறகு விழித்துக்கொள்வதை நாங்கள் பார்த்திருக்கிறோம். எலிக்கு டயாலிசிஸ் கிடையாது. அந்த வாரங்களைச் சோர்ந்த சிறுநீரகத்தோடே அவை கடந்தன என்பதை நான் நல்ல அடையாளமாகப் பார்க்கிறேன்.

ஆனால் அறிக்கை எதைக் காட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ‘100 நாள்’ என்பது மேல்வரம்பு. எல்லா உறுப்புகளும் அவ்வளவு நாள் வைக்கப்படவில்லை. கொடுத்ததும் பெற்றதும் ஒரே உள்ளினத்து எலிகள், ஆகவே உடல் நிராகரிக்கும் சிக்கல் சோதிக்கப்படவே இல்லை. கொடுத்தவை ஆரோக்கியமான எலிகள். நம் கொடையாளர்களோ சாலை விபத்திலோ மூளை ரத்தக்கசிவிலோ தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்து, ரத்த அழுத்தம் ஏறி இறங்கி, மூளைச்சாவு அறிவிக்கப்பட்டவர்கள். அவர்களுடைய சிறுநீரகம் ஏற்கெனவே அடிபட்டிருக்கும். 30 நாள் என்பது ஒரு சிறுநீரகத்தின் ஆயுளில் எதுவும் இல்லை. எங்களிடம் வரும் மாற்றுச் சிறுநீரகக்காரர்கள் பத்துப் பதினைந்து ஆண்டு அதைக் காப்பாற்ற நினைப்பவர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எலியின் சிறுநீரகம் ஒன்றிரண்டு கிராம், மனிதனுடையது சுமார் 150 கிராம். பருமன் கூடக் கூட நடுப்பகுதியைக் குளிரவைப்பதும் சூடேற்றுவதும் உறைதடுப்பானை எங்கும் சமமாகக் கொண்டுசேர்ப்பதும் கடினமாகிக்கொண்டே போகும்.

டர்பனிலிருந்து பார்த்தால்

உறுப்பைப் பாதுகாப்பது எங்கள் நாட்டுக்குப் புதிய கவலை அல்ல. 1967 டிசம்பர் 3 அன்று கேப் டவுனின் குரூட் ஸ்கூர் மருத்துவமனையில் கிறிஸ்டியான் பர்னார்டு உலகின் முதல் மனித இதய மாற்றைச் செய்தபோது, கொடையாளர் டெனிஸ் டார்வாலும் பெறுநர் லூயிஸ் வாஷ்கான்ஸ்கியும் அடுத்தடுத்த அறுவை அறைகளில் கிடத்தப்பட்டிருந்தார்கள். நேரத்தின் சிக்கலுக்குப் பர்னார்டு கண்ட விடை, இருவருக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அதே டார்வாலின் ஒரு சிறுநீரகம் அதே நகரத்தின் இன்னொரு மருத்துவமனையிலிருந்த 10 வயதுச் சிறுவனுக்குப் போனது. சிறுநீரகம் ஊருக்குள் பயணம் செய்யலாம், இதயத்துக்கு அடுத்த அறை வேண்டும்: உறுப்புக்கு உறுப்பு கடிகாரம் வேறு என்பது அன்றைக்கே தெரிந்த விஷயம்.

டர்பனில் இந்தக் கடிகாரத்தை விமான அட்டவணையோடு சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது. கிங் ஷாகா விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே லா மெர்சியில் இருக்கிறது. மருத்துவமனையிலிருந்து அங்கே போக அரை மணிக்கு மேல்; கேப் டவுனுக்குப் பறக்க இரண்டு மணி; அங்கே இறங்கி மருத்துவமனைக்குப் போக இன்னும் கொஞ்சம்; பிறகு பெறுநரின் உடலில் தைத்து முடிக்க ஒரு மணி. இதயத்தின் நான்கு மணி நேரம் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. ஜோகன்னஸ்பர்க் பக்கம் என்றாலும் பறப்பதற்கே ஒரு மணி நேரம் ஆகிறது. 2021 ஜூலைக் கலவரத்தின்போது என்2, என்3 நெடுஞ்சாலைகள் அடைபட்டதையும், 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் மாகாணத்துச் சாலைகள் அறுந்ததையும் பார்த்தவர்களுக்கு, மணிக்கணக்கில் வாழும் உறுப்பு எவ்வளவு எளிதில் வீணாகலாம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இதில் சிறுநீரகத்தின் நிலை தனி. ஐஸில் அது ஒரு நாளுக்கு மேல் தாங்கும். ஆக, 100 நாள் சேமிப்பு வந்தால் சிறுநீரக நோயாளிக்கு என்ன லாபம் என்று நியாயமாகவே கேட்கலாம். இப்படிக் கடுங்குளிரில் உறுப்பைச் சேமிக்கும் உறைபாதுகாப்பு ஒரு சிறுநீரகத்தையும் புதிதாக உண்டாக்காது. தென்னாப்பிரிக்காவில் இறந்தபின் உறுப்புக் கொடுப்பவர்கள் அண்மை ஆண்டுகளில் பத்து லட்சம் பேருக்கு இரண்டுக்கும் குறைவு. அந்தக் குறையைத் திரவ நைட்ரஜன் நிரப்பாது.

லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. இன்று சிறுநீரகம் ஒன்று கிடைத்ததும் இரவோடு இரவாகத் தொலைபேசி அடிக்கிறது. பட்டியலில் பொருந்துபவர்களை அழைத்து, ரத்தம் எடுத்து, குறுக்குப் பொருத்தம் (பெறுபவரின் ரத்தம் கொடுத்தவரின் செல்களைத் தாக்குமா என்ற சோதனை) பார்த்து, யாருக்குச் சளி, யாருக்குக் கால் புண், யாருக்கு வண்டி இல்லை என்றெல்லாம் பார்த்து விடிவதற்குள் முடிவெடுக்க வேண்டும். நாள் கணக்கில் அவகாசம் இருந்தால் நாடு முழுவதிலுமிருந்து மிகப் பொருத்தமானவரைத் தேடலாம். பல பிரசவம், ரத்தம் ஏற்றுதல், முன்பு தோற்றுப்போன மாற்று ஆகியவற்றால் பிறர் திசுவைத் தாக்கும் எதிர்ப்பொருள்கள் ரத்தத்தில் ஏறிப்போய், யாருடைய சிறுநீரகமும் பொருந்தாமல் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு இது மிகப் பெரிய விஷயம். எதிர்ப்பொருளைக் குறைக்கும் சிகிச்சையை முன்கூட்டியே கொடுத்து, நாள் குறித்து, பகலில் அறுவை செய்யலாம்.

எங்கள் ஊரில் இதற்கு இன்னொரு கனமும் உண்டு. இங்கே அரசு மருத்துவமனையில் நிரந்தர டயாலிசிஸ் இடம் கிடைப்பதும், மாற்றுக்குத் தகுதியாக இருப்பதும் பிணைக்கப்பட்டவை. அந்தப் பிணைப்பை நாடே அறியச்செய்தவர் தியாகராஜ் சுப்பிரமணி. ஆவணங்களில் சூப்ரமனி என்ற பெயர் வடிவத்தோடு இருக்கிறார். டர்பனைச் சேர்ந்த 41 வயதுக்காரர். நீரிழிவு, இதயக் குழாய் நோய், 1996-இல் பக்கவாதம், அதே ஆண்டு சிறுநீரகச் செயலிழப்பு. தனியாரிடம் டயாலிசிஸ் செய்து பணம் தீர்ந்தபின் அடிங்டன் மருத்துவமனையை நாடினார். அங்கே இருந்தவை 20 இயந்திரங்கள். மாற்றுக்குத் தகுதியுள்ளவர்களுக்கே நிரந்தர இடம் என்பது விதி. இதயநோய் இருந்ததால் அவருக்குத் தகுதி இல்லை. வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்ற 27-ஆம் பிரிவு, நாள்பட்ட டயாலிசிஸைக் குறிக்காது என்று 1997 நவம்பர் 27 அன்று தீர்ப்பு வந்தது. சில நாட்களில் அவர் இறந்துபோனார்.

உறைபாதுகாப்பு வந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. அவரைத் தடுத்தது இதயநோய். ஆனால் மாற்று மெதுவாக நடந்தால் டயாலிசிஸ் நாற்காலி காலியாவதும் மெதுவாகும். அடுத்தவருக்குக் கதவு திறப்பதும் மெதுவாகும். நீரிழிவும் ரத்தக்கொதிப்பும் இவ்வளவு மிகுந்த, டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைந்த சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் அந்தக் கதவுக்கு வெளியே நிற்பவர்களில் நம் மக்கள் நிறையப் பேர். ஒரே ஒரு சிறுநீரகம் தகுந்த இடத்தில் பொருந்தி நீண்ட நாள் உழைத்தால் அந்த நாற்காலிக்கு இரண்டாவது முறை வரிசை போட வேண்டாம். பொருத்தத்தைத் தேட அவகாசம் என்பது இங்கே வசதி அல்ல, இடப்பங்கீடு.

அதற்குள் வந்துவிட்டவை

உறைய வைக்காமலே நேரத்தை நீட்டும் முறைகள் ஏற்கெனவே மனிதர்களிடம் வந்துவிட்டன. நம் மாகாணம் முதலில் கேட்க வேண்டியவை இவைதான் என்பது என் கருத்து. ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கி ஐரோப்பிய மையங்களில் நடந்த சோதனையில், 220 கல்லீரல் மாற்றுகளை வைத்து, உடல் வெப்பத்தில் ரத்தம் ஓட்டும் இயந்திரத்தையும் ஐஸ் பெட்டியையும் ஒப்பிட்டார்கள். இயந்திரத்தில் வைத்தவற்றில் சேதம் குறைந்தது, தூக்கியெறிந்தவை பாதியாகின. முடிவு 2018-இல் வெளிவந்தது. சூரிச்சில் பியர்-அலன் கிளாவியன் குழு ஒரு கல்லீரலை மூன்று நாள் இயந்திரத்தில் வைத்துச் சீராக்கி 2021 மே மாதம் ஒருவருக்குப் பொருத்தியது. டொராண்டோவில் நுரையீரலை 4 டிகிரிக்குப் பதிலாக 10 டிகிரியில் வைத்தால் இன்னும் நன்றாகத் தாங்குகிறது என்று கண்டார்கள். இரவில் வந்த நுரையீரலுக்குக் காலையில் அறுவை செய்ய முடிகிறது. இதற்கு வேண்டியது ஒரு குளிர்பெட்டியும் ஒழுங்கும் மட்டுமே.

எனக்கு மிகவும் பிடித்த நிகழ்வு 2024-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. பிரெஞ்சுக் கரீபியத் தீவில் எடுக்கப்பட்ட ஓர் இதயத்தை, குளிர்ந்த ஆக்சிஜன் கரைசல் ஓடும் பெட்டியில் வைத்து, சாதாரணப் பயணிகள் விமானத்தில் அட்லாண்டிக்கைக் கடந்து பாரிஸுக்குக் கொண்டுவந்து, கியோம் லெப்ரெத்தோன் குழு பொருத்தியது. எடுத்ததிலிருந்து 12 மணி நேரம். டர்பனுக்கும் கேப் டவுனுக்கும் நடுவே இரண்டு மணி நேர விமானத்தைப் பார்த்து அஞ்சுகிறவர்களுக்கு அந்த 12 என்ன சொல்கிறது என்பதைத் தனியே விளக்க வேண்டாம். விலை பெரிது, கருவி ஒருமுறைக்கே பயன்படும், பயிற்சி பெற்றவர்கள் வேண்டும். ஆயினும் இது இன்று இருக்கிறது. உறைந்த சிறுநீரகம் இன்னும் எலியிடம் இருக்கிறது.

“பாடி எப்போ வீட்டுக்கு வரும்?”

கொடையைப் பற்றிப் பேசக் கோயில் மண்டபங்களுக்குப் போகும்போது விஞ்ஞானத்தைப் பற்றி யாரும் முதலில் கேட்பதில்லை. சாட்ஸ்வொர்த்தில் ஓர் ஆயா கேட்டதுதான் எங்கும் வரும் கேள்வி: “எல்லாம் சரி கண்ணு, பாடி எப்போ வீட்டுக்கு வரும்? அதைச் சொல்லு மொதல்ல.” நம் வழக்கத்தில் உடலைச் சீக்கிரம் தகனத்துக்குக் கொண்டுபோக வேண்டும், கேப் டவுனிலிருந்தும் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்தும் சொந்தம் வந்து சேர வேண்டும், ஐயரிடம் நேரம் கேட்க வேண்டும். இதற்கு நடுவில் “இன்னும் சில மணி நேரம், விமானம் வரவில்லை, பெறுநரின் பரிசோதனை முடியவில்லை” என்று மருத்துவமனையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தால், முதலில் சரி என்றவர்கள் கூடப் பின்வாங்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

2003-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டத்தின்படி இங்கே கொடைக்கு ஒப்புதல் வேண்டும். இறந்தவர் பதிவு செய்திருந்தாலும் நடைமுறையில் குடும்பத்தைக் கேட்டுத்தான் செய்கிறார்கள். ஆகவே அந்த இரவில் குடும்பம் எவ்வளவு நேரம் காக்கவைக்கப்படுகிறது என்பது முடிவையே மாற்றும். உறைபாதுகாப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் பேசி நான் அதிகம் பார்த்ததில்லை. உறுப்பு நாள் கணக்கில் காத்திருக்குமானால், பெறுநரைத் தேடுவது, பொருத்தம் பார்ப்பது, விமானம் பிடிப்பது அத்தனையும் எடுத்த பிறகு நடக்கலாம். மூளைச்சாவை உறுதிசெய்யும் இரண்டு மருத்துவர்களின் வேலையும், எடுக்கும் அறுவையும் மட்டுமே குடும்பத்தின் நேரத்தில் நடக்கும். உடல் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடும். அந்த ஆயாவுக்கு என்னால் அன்று இதைச் சொல்ல முடிந்தது: “இப்போ ஒரு நாள் மாதிரி ஆகும் ஆயா. இந்த வேலை கைகூடினா அந்தக் காத்திருப்பு ரொம்பக் குறையும்.” அவர் தலையசைத்துவிட்டு, “அப்போ அதையும் சொல்லித்தானே கேக்கணும் மக்களை?” என்றார். நியாயமான பேச்சு.

இனி எதைப் பார்க்க வேண்டும்

அளவுப் பிரச்சினையில் நகர்வு இருக்கிறது. மினசோட்டாக் குழுவே லிட்டர் கணக்கான உறைதடுப்புக் கரைசலைப் பனியில்லாமல் கண்ணாடியாக்கிச் சூடேற்றியிருக்கிறது. பன்றியின் கல்லீரலையும் பனிப்படிகமில்லாமல் கண்ணாடியாக்கியிருக்கிறது. மனித உறுப்பின் பருமனில் இயற்பியல் இடம் கொடுக்கிறது என்பதற்கு அது சான்று. உயிரியல் இடம் கொடுக்கிறதா என்பது பெரிய விலங்கில் பொருத்திப் பார்த்தால்தான் தெரியும். ஹார்வர்டைச் சார்ந்த கோர்குட் உய்குன் குழு வேறு வழியில் போகிறது: மனிதக் கல்லீரலைப் படிகமாகாமலே மைனஸ் 4 டிகிரியில் 27 மணி நேரம் வைத்திருந்தார்கள், 2019-இல். அதை யாருக்கும் பொருத்தவில்லை. நீண்ட நாள் சேமிப்பு அதன் இலக்கும் இல்லை. ஐஸ் பெட்டி தரும் மணிகளை மூன்று மடங்காக்கினாலே போதும் என்ற கணக்கு. எனக்கு அந்தக் கணக்கில் குறை தெரியவில்லை.

சேமிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. மின்வெட்டில் ஆண்டுக்கணக்கில் வதைபட்ட நாடு இது. மைனஸ் 150 டிகிரி என்றதும் பலருக்கு ஜெனரேட்டர்தான் நினைவுக்கு வருகிறது. திரவ நைட்ரஜன் கலனுக்குத் தன்னளவில் மின்சாரம் வேண்டியதில்லை. நைட்ரஜனை நேரத்துக்கு ஊற்றினால் கரண்ட் போனாலும் குளிர் நிற்கும். விந்தணு, கரு வங்கிகள் அப்படித்தான் நடக்கின்றன. மின்சாரம் கட்டாயம் வேண்டியது சூடேற்றும் அந்த ஒன்றிரண்டு நிமிடத்துக்கு. அதைப் பெரிய மருத்துவமனை ஒன்றால் தர முடியும். இதனால் சேமிப்பை ஓர் ஊரிலும் சூடேற்றும் கருவியைப் பெரிய மையம் ஒன்றிலும் வைக்கலாம். கண்ணாடியான உறுப்பு வண்டியில் போனால் போதும், விமானம் கூட வேண்டாம்.

அடுத்து வரவேண்டியது பன்றிச் சிறுநீரகம் பற்றிய அறிக்கை. அது வரும்போது ‘எத்தனை நாள் உறைந்திருந்தது’ என்ற எண் தலைப்பில் இருக்கும். அதைத் தள்ளிவைத்துவிட்டு, எத்தனை பன்றிகளில் செய்தார்கள், அவற்றில் எத்தனை இரு சிறுநீரகமும் இல்லாமல் இதை மட்டும் நம்பி வாழ்ந்தன, மூன்றாவது மாதத்தில் கிரியாட்டினின் எவ்வளவு, உட்பகுதித் திசுவில் பனித் தழும்பு உண்டா என்று பாருங்கள். கொடுத்த பன்றி ஆரோக்கியமாக இருந்ததா, மூளைச்சாவு நிலையில் இருந்ததா என்பதையும் தேடுங்கள். அந்தக் கடைசி விவரம் ‘மூளைச்சாவு’ என்று இருந்தால் எங்கள் பிரிவுச் சுவரில் அதை நான் ஒட்டிவைப்பேன்.